ஒரு ஸ்பூன் தீர்த்தம்

எங்கள் பயிற்சி அறைப் பொம்மைக்குப் பேபி என்று பெயர் வைத்தது நான்தான். மாணவர்கள் அதை ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். அது என் அக்காவின் பெயர். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். பத்தொன்பது வயதில், படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அது 1982. அம்பத்தூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். இப்போது அதை இடித்துவிட்டு அங்கே கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அப்பா செங்கல்வராயன் அப்போது ஆவடியில் டேங்க் ஃபேக்டரியில் ஃபிட்டர். அம்மா குப்பம்மா முந்தின நாள் சாயங்காலம் பஸ் மாறி மாறித் திருமழிசைக்குப் போய், பெருமாள் கோயில் தீர்த்தத்தை ஒரு குட்டி பாட்டிலில் வாங்கி வந்திருந்தாள். காலையில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றுவதற்கு முன்னால் அக்கா வாயில் அதில் ஒரு ஸ்பூன் விட்டாள். வயிற்றில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னது அவளுக்குத் தெரியும். தீர்த்தத்தை யார் சாப்பாட்டில் சேர்ப்பார்கள்?

உள்ளே என்ன நடந்ததோ, மயக்க மருந்து டாக்டர் பார்த்தசாரதி வெளியே வந்தார். வந்ததும் சேதி சொல்லவில்லை, கேள்வி கேட்டார். "காலையில ஏதாவது குடுத்தீங்களா?"

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "ஒரே ஒரு ஸ்பூன் தீர்த்தம், சாமி."

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதான்மா. அந்தத் தண்ணி மூச்சுக்குழாய்ல போயிடுச்சு. சொன்னா கேக்கறீங்களா?"

சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் அக்கா செத்ததை எங்களுக்குத் தெரிவித்தது அப்புறம் வந்த ஆயாதான்.

நாங்கள் குடியிருந்த ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு பரவியது. பெற்றவளே தண்ணீர் கொடுத்துக் கொன்றுவிட்டாள் என்றார்கள். அப்பா அன்றிலிருந்து அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார். சோறு அவள் கையால் வேண்டும், குழம்பு அவள் கையால் வேண்டும், ஷிப்டுக்குக் கட்டிக்கொண்டு போகிற டிபன் பாக்ஸும் அவள்தான் கட்ட வேண்டும். தண்ணீர் மட்டும் ஆகாது. சாப்பிடும்போது விக்கல் வந்தாலும் எச்சில் கையோடு எழுந்து போய்ப் பானையில் தானே மோந்து குடிப்பார். விருந்தாளி யாராவது வந்திருந்தால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே செய்வார், எல்லோரும் பார்க்கட்டும் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். திருமழிசைப் பக்கம் போவதையும் விட்டுவிட்டாள்.

நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதில் சேவை மனப்பான்மை எல்லாம் ஒன்றுமில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எம்.பி.பி.எஸ். முடித்ததும் மயக்கவியலைத்தான் கேட்டு வாங்கினேன். "பொம்பளைப் புள்ளைக்கு நல்ல கோர்ஸ்மா, கிளினிக் தொல்லை கிடையாது" என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

மயக்க மருந்து முழுதாக ஏறியதும் நோயாளியால் தானாக மூச்சு விட முடியாது. வாய் வழியாக ஒரு டியூபை மூச்சுக்குழாய்க்குள் இறக்கி, பையை அழுத்தி அழுத்தி நாம்தான் மூச்சு கொடுக்க வேண்டும். மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள். டியூப் தவறி உணவுக்குழாயில் இறங்கிவிட்டால், கொடுக்கிற காற்றெல்லாம் வயிற்றுக்குப் போகும். நெஞ்சு ஏறாது, வயிறு உப்பும். உடனே கவனித்து உருவிவிட்டால் ஒன்றும் ஆகாது. கவனிக்காமல் விட்டால் உதடு கறுத்துப் பிணம்தான் மிஞ்சும்.

பி.ஜி. படிக்கும்போது எனக்கே ஒரு நாள் தவறியது. "உருவு, உருவு" என்று சீனியர் கத்தினார். உருவினேன், அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த வயிறு உப்பியதை நான் பார்த்துவிட்டேன். அம்மா வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி யாரும் காதில் வாங்காத பேச்சு எனக்கு அப்போதுதான் புரிந்தது. "எம்பொண்ணு வயிறு பானையாட்டம் உப்பிக் கெடந்துச்சிடி. உதடு நாவப்பழக் கலர்ல கெடந்துச்சிடி." அவள் என்னவோ நிறையத் தின்னக் கொடுத்திருக்கிறாள் என்பதற்குத்தான் குவார்ட்டர்ஸ் பெண்கள் அந்த வயிற்றைச் சாட்சியாக வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"படிச்சிட்டு வந்து ஆத்தாளுக்கு வக்காலத்து வாங்கறியா? நீ அன்னிக்கு உள்ள இருந்து பாத்தியா? அந்த டாக்டரு தன் வாயால சொன்னாரு. அவுரு வாயால மாத்திச் சொல்லட்டும், அப்பால பேசு."

நல்லது என்று மனதில் வைத்துக்கொண்டேன். அந்த வாயை எங்கே போய்த் தேடுவது? பார்த்தசாரதி பெரிய மனிதராகிவிட்டார் என்றும், வெளிநாட்டு மாநாடுகளில் பேசுகிறார் என்றும் அவ்வப்போது காதில் விழும். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

1997இல் நான் சென்னீர்குப்பம் பக்கம் புதிதாக வந்த ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பி.ஜி. மாணவர்கள் நேராக உயிருள்ள ஆளின் தொண்டையில் கற்றுக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. டீனை நச்சரித்து ஒரு காலி அறை வாங்கினேன். தலையும் தொண்டையும் மட்டும் என்னோடு படித்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ரப்பர் பொம்மை. உடம்பு அம்பத்தூரில் ஒரு ரெடிமேட் கடை மூடியபோது வாங்கிய ஷோகேஸ் பொம்மையுடையது. நுரையீரலுக்கு ஃபுட்பால் பிளாடர் இரண்டு, வயிற்றுக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை. உத்தமன் என்கிற மாணவனுக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம். நாடித்துடிப்பும் ரத்தத்தில் இருக்கிற ஆக்சிஜன் அளவும் திரையில் ஓடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதினான். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், ஒரு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, விசைப்பலகையில் நாங்கள் பேபியை ஏற்றலாம், இறக்கலாம், சாகடிக்கலாம்.

பயிற்சி பொம்மையோடு முடியாது. ஆபத்தைச் சமாளித்த மாணவன், பிறகு அறைக் கோடியில் இருக்கிற பெஞ்சுக்குப் போய், அங்கே சொந்தக்காரர்களாக நடிக்கிறவர்களிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாத டாக்டரை நான் பாஸ் போட மாட்டேன். கடைசியில் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். அறைக்குள் நடந்தது அறைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். அப்படி இருந்தால்தான் தப்பு செய்தவன் பயப்படாமல் வாய் திறப்பான்.

ஒரு நாள் டீன் எங்களைக் கூப்பிட்டு இனிப்பான சேதி சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து டாக்டர் பார்த்தசாரதி எங்கள் துறைத் தலைவராம். அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து, என் பயிற்சி அறையைத் திறந்துவைத்து, மாணவர்களுக்கு ஒரு செய்முறையும் காட்டுவாராம். வாயில் இருந்த சமோசாவை மெல்ல மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளுக்குக் கீழே நான் கைகட்டி நிற்பதா? தூ! தேடிக்கொண்டிருந்த வாய் தானாக என் அறைக்கு வருகிறது. பழி வாங்க இதைவிட நல்ல நாள் எனக்குக் கிடைக்காது.

அப்பா ரிட்டையர் ஆனபிறகு நாங்கள் திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். அம்மா கொல்லைப்பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, நீயும் அப்பாவும் அந்தப் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும் என்றேன். கீரையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னப் பாத்தா அவனுக்கு அடையாளம் தெரியுமா?"

"தெரியாதும்மா. அவன் உன் மூஞ்சியை எங்க பாத்தான்?"

"நான் இன்னா பேசணும்?"

"கேட்டா உண்மையைச் சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரியே. ஆனா கத்தக்கூடாது."

"நான் ஏன் கத்தறேன்? பதினஞ்சு வருசமா கத்தாம கீறவ, ஒரு அரை மணி நேரம் இருக்க மாட்டேனா?" என்றாள். முறத்தை மறுபடி மடியில் இழுத்துக்கொண்டாள்.

அப்பாவைக் கிளப்புவது சுலபம். ஃபேக்டரி ஆண்டு விழா நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர் அவர். நடிக்க ஆள் வேண்டும் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னா வேசம்?"

"நோயாளிப் பொண்ணோட நைனா."

"டயலாக்கு?"

"கிடையாது. டாக்டர் பேசறத கவனமா கேக்கணும், அதான்."

"அவ்ளோதானா?" என்று முகம் சுருங்கினார். ஆனாலும் அன்றைக்கு மீசைக்கு மை போட்டுக்கொண்டுதான் வந்தார்.

பார்த்தசாரதி வந்தார். தலை வழுக்கை, தங்க ஃபிரேம் கண்ணாடி, கழுத்தில் எங்கள் டீன் போட்ட மாலை. ரிப்பனை வெட்டிவிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். அப்பா பெஞ்சிலிருந்து என்னைப் பார்த்து, "இந்தாளை எங்கியோ பாத்தாப்பல கீது" என்றார். அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள்.

நான் பணிவாக முன்னால் போய் நின்றேன். "சார், பேஷண்ட் பேரு பேபி, வயசு பத்தொன்பது, அப்பெண்டிக்ஸ். ஜூனியர் டியூப் போட்டு முடிச்சிட்டான். இப்ப ஏதோ சரியில்லைன்னு உங்களைக் கூப்பிடறான். மிச்சம் உங்க கையில."

"பேபியா? சரி, பாப்பாவைப் பாத்துடுவோம்" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். நான் தடுப்புக்குப் பின்னால் போய் உத்தமன் பக்கத்தில் நின்றேன். டியூபை உணவுக்குழாயில் போட்டு வைத்தது நான்தான். திரையில் ஆக்சிஜன் இறங்க ஆரம்பித்தது. அதோடு சேர்ந்து அடிக்கிற பீப் சத்தமும் தாழ்ந்துகொண்டே வந்தது.

அவர் திணறுவார், எல்லோர் முன்னாலும் வழிவார் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். திணறவில்லை. பையை இரண்டு தடவை அழுத்தினார். நெஞ்சைப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்தார். "டியூப் உணவுக்குழாய்ல இருக்கு. பாருங்க, நெஞ்சு ஏறல, வயிறு உப்புது. சந்தேகம் வந்தா யோசிக்காம உருவிடணும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே உருவினார். அழகாக மறுபடி போட்டார். மாணவர்கள் கைதட்டினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவ்வளவு தெரிந்த மனிதனா அன்று சும்மா நின்றான்? நிற்கவே இல்லையோ? டீ குடிக்கப் போயிருந்தானோ?

"மேடம், சார் கரெக்டா பண்ணிட்டாரு. ஆக்சிஜனை ஏத்திடட்டா?" என்று உத்தமன் கிசுகிசுத்தான்.

"ஏத்தாதே."

"மேடம்?"

"எறக்குடா."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இறக்கினான். திரையில் கோடு நேராக ஓடியது. என் அக்காவை நான் இன்னொரு தடவை சாகடித்தேன். கொஞ்சம்கூட வருத்தமாக இல்லை.

நான் வெளியே வந்தேன். "சார், லேட்டாயிடுச்சு. பேஷண்ட் போயிட்டா. அவங்க அப்பா அம்மா வெளிய காத்துட்டிருக்காங்க. நீங்கதான் சொல்லணும்."

இந்த இடத்தில் அவருக்கு ஒரு வழி இருந்தது. டியூப் தப்பாகப் போய்விட்டது அம்மா, கண்டுபிடித்து மாற்றுவதற்குள் கைமீறிவிட்டது என்று சொல்லியிருந்தால் போதும். நான் தோற்றிருப்பேன். அம்மாவின் தலையிலிருந்து பழி இறங்க வேறு வழியும் எனக்குத் தெரியாது.

பார்த்தசாரதி கோட்டைச் சரிசெய்துகொண்டு மாணவர்கள் பக்கம் திரும்பினார். "இது எந்தப் புஸ்தகத்துலயும் இருக்காது. கவனிங்க. பேஷண்டோட சொந்தக்காரங்களைக் கேள்வி கேக்க விடக்கூடாது. நீங்க முதல்ல கேக்கணும்."

பெஞ்சுக்குப் போனார். குரலை இறக்கினார்.

"ஏம்மா, காலையில ஏதாவது குடுத்தீங்களா?"

அம்மா அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒரே ஒரு ஸ்பூன் தீர்த்தம், சாமி."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதான்மா. அந்தத் தண்ணி மூச்சுக்குழாய்ல போயிடுச்சு. சொன்னா கேக்கறீங்களா?"

ஒரு சொல் மாறவில்லை. அந்தக் கை நெற்றிக்குப் போன விதம்கூட மாறவில்லை. பிறகு மாணவர்களைப் பார்த்து, வித்தை காட்டியவரைப் போலச் சிரித்தார். "தீர்த்தம், காபி, விபூதி, ஏதாவது ஒண்ணு குடுத்திருப்பாங்க. கேட்டா போதும், அவங்களே சொல்லிடுவாங்க. அப்புறம் உங்க பக்கம் ஒருத்தன் வரமாட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. புஷ்பா என்கிற முதல் வருஷ மாணவி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"சார், டியூப்தானே தப்பா போயிருந்தது? ஒரு ஸ்பூன் தண்ணியால ஒண்ணும் ஆகாதே?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும்மா. அவங்களுக்கு எதுக்கு?"

அப்பா எழுந்தார். மீசை மை வேர்வையில் கரைந்து உதட்டுக்கு இறங்கியிருந்தது. "டாக்டரே, அப்ப அந்தத் தண்ணியால எம்பொண்ணு சாவலியா?"

"பெரியவரே, நடிப்பு முடிஞ்சிடுச்சு. பிரமாதமா பண்ணீங்க, உக்காருங்க."

"நான் நடிக்கல. அம்பத்தூருல, எம்பத்திரெண்டுல, பேபின்னு எம்பொண்ணு. இதே பேச்சுதான் பேசின. தண்ணியால இல்லியா? சொல்லு."

பார்த்தசாரதி நெற்றியைச் சுருக்கினார். பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கூனிக் குறுகுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் உண்மையிலேயே யோசித்தார். யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "எந்தப் பேபி?"

அவருக்கு ஞாபகமே இல்லை. எத்தனை அம்மாக்களிடம் இதைச் சொல்லியிருந்தால், எங்கள் அம்மா ஞாபகத்தில் இல்லாமல் போயிருப்பாள்! அவரை அங்கேயே அறையலாம் போல இருந்தது. அதற்குள் அம்மா எழுந்து நின்றாள்.

"ஞாபகம் இல்லன்னா பரவால்ல சாமி. என் தலைல போட்டுட்டுப் போனியே, அத்த எடுத்துகினு போ. எனக்கு வேணாம்."

பார்த்தசாரதி டீனைப் பார்த்தார். டீன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, பார்த்தசாரதி என்னிடம் வந்தார்.

"இந்த ரூமுக்கு ஒரு சட்டம் இருக்குன்னு டீன் சொன்னார். இங்க நடந்தது வெளிய போகாதுதானே?"

"போகாது சார். நானும் சொல்ல மாட்டேன், பசங்களும் சொல்ல மாட்டாங்க" என்றேன். "எங்க அம்மாவுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அவங்க இங்க ஸ்டாஃப் இல்ல."

அவர் போனபிறகு உத்தமன் கேட்டான், பொம்மை ஏன் சாக வேண்டியிருந்தது என்று. சரியாகச் செய்தும் சில பேர் செத்துப்போவார்கள், அப்போது நாம் என்ன பேசுகிறோம் என்பதுதான் இன்றைய பாடம் என்றேன். அது பாதிதான் உண்மை என்று அவன் முகமே சொல்லியது. அடுத்த மாதம் பார்த்தசாரதி பதவியேற்க வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது. இன்னும் முடியாமலே கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

பயிற்சி நடந்த அன்று சாயங்காலம் திருமுல்லைவாயிலில் பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மா வீட்டுக்கு வரவில்லை. நேரே தெருக்குழாயடிக்குப் போனாள். அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பழைய குவார்ட்டர்ஸ்காரிகள், எங்களைப் போலவே ரிட்டையர் ஆனபின் இந்தப் பக்கம் வந்தவர்கள். "ஏ கன்னியம்மா, ஏ சொர்ணம், குடத்த வெச்சிட்டு இங்க வா" என்று அவள் கூப்பிட்டது வீடு வரைக்கும் கேட்டது. நிரம்பிய குடங்கள் நிரம்பியபடியே இருக்க, ஆதியிலிருந்து அந்தம் வரை சொன்னாள். பதினைந்து வருஷம் கத்தாதவள் அன்று கத்தினாள்.

அவள் திரும்பி வந்தபோது அப்பா கூடத்தில் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மீசை மையைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கறுப்பு. ராஜா வேஷம் போட்டவர் மாதிரியே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"குப்பு, கொஞ்சம் தண்ணி குடேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதற்குத்தானே இவ்வளவும்?

அம்மா பானைக்குப் போனாள். டம்ளரை எடுத்து நன்றாகக் கழுவினாள். ததும்பத் ததும்ப மோந்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். அப்பா இரண்டு கையையும் நீட்டினார். அம்மா டம்ளரைத் தன் வாய்க்கு உயர்த்தி, அவர் பார்க்கப் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பானை அங்கதான கீது. மோந்து குடி."